மூன்று முறை திருத்தி எழுதிய வட்டம்

விளையாட்டுகள் உருவாக்கும் மென்பொருளான கொடோ எஞ்சினின் நான்காம் பதிப்பு 2023 மார்ச்சில் வெளிவந்த கையோடு ஒரு விளையாட்டைத் தொடங்கினேன். குட்டிக் கோள் ஒன்று, அதன் விளிம்பிலேயே ஓடும் காவல்காரன், அவ்வளவுதான். வார இறுதிகளில் மட்டும் உட்காருவதால் இன்னும் முடியவில்லை. ஆனால் அவனை வட்டத்தில் ஓடவைக்கும் ஐம்பது வரி நிரலை மட்டும் மூன்று முறை அடியோடு மாற்றிவிட்டேன்.

முதலில், மையத்திலிருந்து ஆளுக்குப் போகும் கோட்டுக்குச் செங்குத்தாக வேகத்தைக் கொடுத்தேன். பள்ளியில் படித்த தொடுகோடுதானே! ஐந்து நொடி அருமையாகச் சுற்றினான். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் கோளை விட்டு விலகி அந்தரத்தில் ஓடிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது திரை புதிதாக வரையப்படும் ஒவ்வொரு முறையும், அவன் போவது வளைவில் அல்ல, தொடுகோட்டின் ஒரு துண்டில். அதன் முனை எப்போதும் வட்டத்துக்கு வெளியேதான் விழும். ஆரம் 200 பிக்சல், வேகம் நொடிக்கு 300 பிக்சல், ஃபிரேம் நொடிக்கு 60 என்றால் ஒரு ஃபிரேமுக்கு 5 பிக்சல் நகர்வான். பிதாகரஸ் கணக்குப்படி ஒவ்வொரு நகர்விலும் ஆரத்தின் வர்க்கத்தில் 25 கூடும். ஒரே நிமிடத்தில் 200 என்பது 360 ஆகிவிடும். நொடிக்கு 30 ஃபிரேம்தான் ஓடும் என்றால் 469.

அதன்பின் கோணத்தை மட்டும் சேமித்தேன். வேகத்தை ஆரத்தால் வகுத்துக் கோணத்தில் கூட்டுவது. மையம், ஆரம், கொசைன், சைன் வைத்து இடத்தைக் கணக்கிடுவது. விலகல் ஒழிந்தது. திரையில் ஒய் அச்சு கீழ்நோக்கி வளர்வதால் கூட்டல் கோணம் கடிகாரத் திசையில் சுற்றும். பள்ளி வடிவியலை நம்பி ஒரு மாலையை வீணாக்கினேன். ஆரத்தால் வகுக்க மறந்தால், குதிக்கும்போது ஆள் திடீரென வேகமெடுப்பான்.

ஆனால் இடத்தை நேரடியாக எழுதினால் சுவர்களுக்குள் புகுந்து போகிறான். மூன்றாம் திருத்தம் அதற்குத்தான்: போகவேண்டிய புள்ளியைக் கோணத்தால் கண்டுபிடித்து, அங்கே செல்லத் தேவையான வேகத்தை, சுவரில் மோதினால் நிறுத்தியோ வழுக்கியோ நகர்த்தும் கொடோவின் மூவ் அண்ட் ஸ்லைடு கட்டளையிடம் கொடுத்து, அவன் உண்மையில் நின்ற இடத்திலிருந்து கோணத்தைத் திரும்ப எடுப்பது. ஒன்றரை ஆண்டாக இதில் கைவைக்கவில்லை. துரத்தும் எதிரி 350 பாகையிலிருந்து 10 பாகைக்கு வர உலகத்தையே சுற்றிய கூத்துக்கு, கோணத்தைக் குறுகிய வழியில் நகர்த்தும் லெர்ப் ஆங்கிள் கட்டளை ஒரே வரியில் முடிவுகட்டியது.

என்னை உண்மையில் படுத்தியது கணக்கு இல்லை, ஆளை ஓட்டும் விசைகள் (பட்டன்கள்). அக்கா மகள் விளையாடிப் பார்த்துவிட்டு, “மாமா, கீழே வந்ததும் இடது பட்டன் வலது பக்கம் இழுக்கிறது” என்றாள். உண்மைதான், கோளின் அடியில் கடிகாரத் திசை என்றாலே இடம் வலம் மாறிவிடும். கேமராவை ஆளோடு சேர்த்துச் சுழற்றினேன். பத்து நிமிடத்தில் அவளுக்குத் தலைசுற்றியது. இப்போது விசையை அழுத்தும் கணத்தில் திசையை முடிவுசெய்து, விரலை எடுக்கும்வரை அதையே வைத்திருக்கிறேன். இதுதான் இருப்பதில் தேவலை. 1981-இல் அட்டாரி நிறுவனம் டெம்பஸ்ட் விளையாட்டுக்குத் திருகும் குமிழ் வைத்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது: சுழலும் கைக்கு இடமும் இல்லை, வலமும் இல்லை.

சென்ற மாதம் பக்கத்தில் இன்னொரு கோளைச் சேர்த்தேன். பல்சக்கரங்களைப் போல, ஒன்றில் கடிகாரத் திசையில் ஓடியவன் தொடும் புள்ளியில் தாவினால் அடுத்ததில் எதிர்த்திசையில் ஓடவேண்டும். தாவும்போது கூட்டல் கழித்தல் குறியை மாற்ற ஒரு வரி போட்டிருக்கிறேன். கோள்கள் ஒட்டியிருந்தால் சரியாக ஓடுகிறான். நடுவில் இடைவெளி விட்டால் சில சமயம் வந்த வழியே திரும்புகிறான். அதை இந்த ஞாயிறு பார்க்கவேண்டும்.