காமிரா இல்லாமல் ஆள் நடமாட்டம் சொல்லும் வைஃபை ரவுட்டர், வாங்கலாமா?

தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டுக்கு என்றால் வாங்கலாம், திருடனைப் பிடிக்க என்றால் வேண்டாம். முழுசாகப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதோடு கிளம்பலாம்.

மூன்று பெட்டி கொண்ட மெஷ் ரவுட்டர் செட் இது, அதாவது வீட்டில் ஆங்காங்கே வைத்தால் ஒன்றோடொன்று பேசி ஒரே வைஃபையாக வேலை செய்யும். நெட் தருகிற அதே சிக்னலை வைத்தே வீட்டுக்குள் யாராவது நடமாடுகிறார்களா என்று கண்டுபிடித்து மொபைலுக்குச் சொல்கிறது. குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் கம்பெனி பேர் வேண்டாம்.

ரவுட்டரிலிருந்து கிளம்பும் அலை நேராகவும் போகும், சுவர், பீரோ, நம் உடம்பு என்று எல்லாவற்றிலும் பட்டுத் தெறித்தும் போகும். 5 கிகாஹெர்ட்ஸில் அலைநீளமே சுமார் 6 செ.மீ.தான், அதனால் ஒருவர் குறுக்கே ஓரடி நகர்ந்தாலே அடுத்த பெட்டிக்கு வந்து சேரும் சிக்னல் மாறிவிடும். இந்த மாற்றத்தை வைஃபை சிப் தன் வேலைக்காக எப்படியும் அளந்துகொண்டுதான் இருக்கிறது, சேனல் ஸ்டேட் இன்ஃபர்மேஷன் என்பார்கள். அந்த எண்களை ஏஐ மாடலுக்குக் கொடுத்து, எது மனுஷன், எது சும்மா ஆடுகிற பொருள் என்று பிரிக்கப் பழக்குகிறார்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் டீனா கட்டாபி என்ற ஆராய்ச்சியாளரின் குழு சுவருக்குப் பின்னால் இருப்பவரின் அசைவை வைஃபையில் கண்டுபிடித்துக் காட்டியது 2013-லேயே. இதற்கென்றே 802.11பிஎஃப் என்ற வைஃபை தரநிலை 2025-ல்தான் வந்தது.

சரி, அம்மா வீட்டில் எப்படி? முதலில் எல்லாரும் வெளியே போய் நில்லுங்கள், காலி வீட்டைப் படிக்க வேண்டும் என்றது ஆப். "என்னப்பா, நம்ம வீட்டுலேர்ந்து நம்மளையே போகச் சொல்லுது" என்று அம்மா திண்ணைக்குப் போனார். ஃபேனை ஓடவிட்டுப் படிக்க வைக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. நம் ஊரில் சீலிங் ஃபேன் இல்லாமல் எந்த வீடு? அன்று ராத்திரி முழுக்க "ஹாலில் நடமாட்டம்" என்று நோட்டிஃபிகேஷன். மறுநாள் ஃபேனோடு திரும்பப் படிக்க வைத்தும் மதியங்களில் ஒரு பொய் அலாரம் மிச்சம் இருந்தது. பார்த்தால் பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த மாதக் காலண்டர். காகிதத்தை அலை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது, அடியில் இருக்கும் தகரப் பட்டை ஃபேன் காற்றில் ஆடுவதைத்தான் ஆள் என்று நினைத்திருக்கிறது. இடம் மாற்றினோம், நின்றது.

இதெல்லாம் சரியான பிறகு நிஜமாகவே உபயோகம். காலை ஏழு மணிக்குள் அடுப்படியில் அசைவு இல்லையென்றால் எனக்குத் தகவல் வரும்படி வைத்திருக்கிறேன். காமிரா என்றால் அம்மா ஒத்துக்கொண்டிருக்க மாட்டார், கையில் வாட்ச் கட்டச் சொன்னால் கழற்றி ஜன்னலில் வைத்துவிடுவார். காமிரா வைக்கவே முடியாத பாத்ரூம் பக்கமும் இதில் தெரிகிறது. ஆனால் கீழே விழுந்தால் விழுந்தார் என்று சொல்லாது, அசைவு உண்டா இல்லையா, அவ்வளவுதான். பழைய காலத்துத் தடிச் சுவர் தாண்டிக் கொல்லைப்புறம் சுத்தமாக எட்டவில்லை.

எனக்குக் கோபம் வந்தது வேறு விஷயத்தில். கரண்ட் போய் பெட்டிகள் அணைந்தாலும் ஆப் காட்டுவது "நடமாட்டம் இல்லை" என்றுதான்! தொடர்பு இல்லை என்பதும் ஆள் அசையவில்லை என்பதும் ஒன்றா? வெளியூரில் உட்கார்ந்து அதைப் பார்ப்பவர் கதி என்ன? மூன்று பெட்டியையும் இன்வெர்ட்டர் லைனில் மாட்டிய பிறகுதான் நிம்மதி, அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, வீட்டில் எப்போது ஆள் இல்லை என்ற விவரம் கம்பெனி சர்வருக்குப் போகிறது. படம் எடுக்கவில்லை என்பதற்காக இது கண்காணிப்பு இல்லை என்று ஆகிவிடாது. கணக்கு பெட்டிக்குள்ளேயே நடக்கிற மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள்.

நெட் வேகத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை. ஒரே ஒரு அறைக்கு மட்டும் போதுமென்றால் மில்லிமீட்டர் அலை சென்சார் தனியாகவே விற்கிறது, அசையாமல் உட்கார்ந்திருப்பவரைக்கூட இதைவிட நன்றாகப் பிடிக்கும். வீடு முழுக்க வேண்டுமென்றால் இந்த மாதிரி செட் வாங்குங்கள், ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் எல்லா ஃபேனையும் ஐந்தில் வைத்து ஒரு ராத்திரி ஓடவிட்டுப் பாருங்கள்.