ஜீப் கமான் பட்டை: ரப்பர் புஷ்ஷா, பாலியூரித்தேன் புஷ்ஷா?

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியின் பின்பக்கம் தனியாக ஆடினால், வண்டியின் எடையைத் தாங்கும் கமான் பட்டையின் நுனி வளையத்தில், அதாவது கண்ணில், போல்ட்டைச் சுற்றி மெத்தைபோல் இருக்கும் புஷ்ஷை முதலில் பாருங்கள். கடப்பாரையால் நெம்பும்போது போல்ட் ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது.

பச்சைத் தேயிலை மூட்டையோடு எஸ்டேட் கல்பாதையில் ஓடும் வண்டிக்கு ரப்பர்தான் சரி, அதிர்வை விழுங்கும். ஆனால் அது வழுக்காது, முறுக்கிக்கொண்டே வேலை செய்யும். சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை முழுதாக இறுக்கினால், வண்டியை இறக்கியதுமே ரப்பர் முறுக்கிய நிலையில் நின்று சீக்கிரம் கிழியும். தளர்வாக மாட்டி, வண்டி தரையில் நின்று எடை ஏறியபின் இறுக்குங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். டீசலோ சாதா கிரீஸோ பட்டால் ரப்பர் ஊதிவிடும்.

ரப்பரைவிட விறைப்பான பிளாஸ்டிக்கான பாலியூரித்தேன் தார்ச்சாலை வண்டிக்கு. வளைவில் ஆட்டம் குறையும்; குழியில் குலுக்கல் நேரே முதுகுக்கு வரும். இரண்டு பாதியாக வருவதால் பிரஸ் வேண்டாம், வைஸ் போதும். சிலிக்கான் கிரீஸ் கட்டாயம். மழைக்காலத்துக்குப் பிறகு மறுபடி தடவாவிட்டால் கீச்சிடும்.

கழற்றுவதில் இரண்டுக்கும் ஒரே பாடு. நீலகிரி ஈரத்தில் போல்ட் புஷ்ஷின் உள்குழாயோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் ஊற்றுங்கள். சேஸிஸைத் தாங்கியில் நிறுத்தி, அச்சுக்குக் கீழே ஜாக்கியை ஏற்றி இறக்கி, பட்டையின் இழுவை தளர்ந்த பிறகே போல்ட்டைத் தட்டுங்கள். பழைய புஷ்ஷின் வெளி உலோக வளையத்தை ஹாக்ஸாவால் அறுக்கும்போது பட்டையின் கண்ணைக் கீறாதீர்கள். விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.