சுகர் ஃப்ரீ சூயிங்கம்: பல்லுக்குச் சரி, வயிற்றுக்கு?

சாப்பிட்டதும் ஒன்று மென்றுவிட்டுத் துப்புகிறவர்களுக்கு சுகர் ஃப்ரீ சூயிங்கத்தில் குறை சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. எச்சில் ஊறும், பல்லுக்கும் நல்லது. அனோரெக்ஸியா (எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் பட்டினி கிடக்கும் நோய்), புலிமியா (அளவின்றிச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுப்பது போன்றவற்றால் ஈடுகட்டும் நோய்) உள்ளவர்கள் கையில்தான் இது வேறு சரக்காகிவிடுகிறது. பசியை அடக்க, வாந்தி வாடையை மறைக்க என்று நாளுக்கு 15, 20 கூடப் போகும். புதினா சுவை சில நிமிடத்தில் சப்பென்று ஆகிவிடுவதால் கை அடுத்ததைப் பிரித்துவிடும்.

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்த்த இனிப்பு எண்ணாகப் போட்டிருக்கும். 420 என்றிருந்தால் சார்பிட்டால், 965 மால்டிட்டால், 967 சைலிட்டால். இந்த வகை இனிப்புகளுக்குப் பாலியால் என்று பெயர். 'பாலியால்கள் பேதியாக்கக்கூடும்' என்ற பொருளில் பொடி எழுத்தில் ஒரு வரியும் இருக்கும். ஒப்புக்குப் போட்ட வரியல்ல அது. ஒரு ஸ்டிக்கில் சுமார் 1.25 கிராம் சார்பிட்டால். சிறுகுடல் இதை அரைகுறையாகத்தான் உறிஞ்சும்; மிச்சம் தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்கு இறங்க, அங்குள்ள பாக்டீரியா அதை வாயுவாக்கும். 5 கிராமிலேயே, அதாவது நான்கு ஸ்டிக்கிலேயே, சிலருக்கு வயிறு உப்பும். 20 கிராமை எட்டினால் பேதி. 2008இல் பெர்லின் மருத்துவர்கள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய 21 வயதுப் பெண், கம் வழியாகவே தினமும் 18 முதல் 20 கிராம் சார்பிட்டால் எடுத்து, மாதக்கணக்கில் பேதியாகி 11 கிலோ இளைத்திருந்தார். நிறுத்தியதும் பேதி நின்றது, எடையும் ஏறியது.

பட்டினி கிடந்த இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். ஒரு இட்லிக்கே கல்லாகக் கனக்கும். அதன்மேல் கம் தரும் வாயு, மெல்லும்போது விழுங்கும் காற்று. உப்பிய வயிற்றைக் கொழுப்பென்று எண்ணி அடுத்த வேளைச் சாப்பாட்டை வெட்டுவார்கள். பதிலுக்கு ஆப்பிள், பேரிக்காய்! இரண்டிலும் ஃப்ரக்டோஸும் (பழச்சர்க்கரை) சார்பிட்டாலும் சேர்ந்தே இருக்கின்றன. ஒன்று மற்றதன் உறிஞ்சலைக் கெடுக்கும். வாந்தி எடுப்பவருக்கு ஏற்கெனவே பொட்டாசியம் குறைவாக இருக்கலாம். பேதியும் சேர்ந்து அது இன்னும் குறைந்தால் இதயத்துடிப்பே தடுமாறலாம்.

வழக்கமாக நடக்கும் தவறு, உப்புசம் என்றதும் 'பால் ஆகாது, கோதுமை ஆகாது' என்று பட்டியல் போடுவது. சாப்பாட்டை ஒதுக்க அது இன்னொரு சாக்காகிவிடும். முதலில் இரண்டு வாரம் கம்மை நிறுத்திப் பாருங்கள். பாலுக்குச் சந்தேகம் இருந்தால் தயிராக்கிக் கொடுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். அதன்பிறகும் தொல்லை இருந்தால் ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனை, அதாவது உறிஞ்சப்படாத சர்க்கரையைக் குடல் பாக்டீரியா வாயுவாக்குகிறதா என்று மூச்சில் பார்ப்பது. ஆனால் அதற்கு இரவு முழுக்கப் பட்டினி வேண்டும், முந்தைய வாரம் பேதி மாத்திரை போட்டிருந்தால் முடிவை நம்பவும் முடியாது. பட்டினி கிடக்கும் பழக்கம், பேதி மாத்திரை இரண்டையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

வாந்தி எடுத்த உடனே பல் தேய்த்தால் அமிலத்தில் இளகிய எனாமல் தேயும். தண்ணீரில் கொப்பளித்துவிட்டு ஒரு கம் மெல்வதில் தப்பில்லை. வாங்குவதானால் சிறிய ஸ்ட்ரிப்பாக வாங்குங்கள், டப்பா வேண்டாம். வீட்டிலிருக்கும் சர்க்கரையில்லா இருமல் சிரப், ஆன்டாசிட் ஜெல் லேபிளையும் ஒருமுறை பாருங்கள். பலவற்றில் இதே சார்பிட்டால்தான்.