புதுப்பித்த பின் எழாத நாஸ் பெட்டி: வட்டைக் கழற்றுவதா, சீரியல் கம்பியை இணைப்பதா?

இரண்டு வன்வட்டுகளை ரெய்டு 1 முறையில், அதாவது ஒரே தரவு இரண்டிலும் இருக்கும்படி, கட்டி வைத்திருக்கும் என் நாஸ் பெட்டியில் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைச் சேமித்துத் தரும் சிறு கணினி) டெபியன் என்னும் லினக்ஸ் ஓடுகிறது. ஓர் இரவு எஸ்எஸ்எச் என்னும் தொலைக் கட்டளை இணைப்பு வழியாக உள்நுழைந்து வழக்கமான புதுப்பித்தலைத் தொடங்கினேன். இயங்குதளத்தின் மையமான கர்னலின் புதிய பதிப்பு நிறுவப்பட்டுக்கொண்டிருக்கும்போதே மடிக்கணினியின் வைஃபை அறுந்தது. மறுபடி உள்நுழைந்தபோது பெட்டி ஒழுங்காகப் பதில் தந்ததால், வேலை முடிந்துவிட்டது என்று எண்ணி மறுதொடக்கம் கொடுத்தேன். அதன் பிறகு அது எழவில்லை. மின்விசிறி சுற்றியது, வட்டுகள் வேகமெடுக்கும் ஓசை கேட்டது, நெட்வொர்க் துளையின் பச்சை விளக்கும் எரிந்தது. ஆனால் நிலைகாட்டும் விளக்கு சிவப்பும் பச்சையுமாக மாறி மாறிச் சிமிட்டிக்கொண்டே இருந்தது, நெட்வொர்க்கில் இருக்கிறதா என்று பிங் செய்து பார்த்தால் ஒரு பதிலும் இல்லை.

இப்படி நிற்கும் பெட்டியை மீட்க மூன்று வழிகள் உண்டு. ரீசெட் பொத்தானை அழுத்தி உற்பத்தியாளரின் மூல மென்பொருளான ஃபர்ம்வேரை மறுபடி ஏற்றலாம். வட்டுகளைக் கழற்றி வேறொரு லினக்ஸ் கணினியில் மாட்டிச் சரிசெய்யலாம். அல்லது பெட்டியைத் திறந்து, போர்டிலுள்ள சீரியல் ஊசிகளில் (பெட்டி தன் செய்திகளை எழுத்தாக வெளியே அனுப்பும் இணைப்பு) கம்பியை இணைத்து, பூட் ஆகும்போது, அதாவது துவங்கும்போது, அது சொல்வதைப் படிக்கலாம். நான் இரண்டாவதில் ஒரு மாலைப்பொழுதைச் செலவழித்து, மூன்றாவதில் மீண்டவன். ஆகவே என் சாய்வு மூன்றாவது வழியின் பக்கம்தான். ரெய்டு பேக்கப் ஆகாது என்பதும், தனியே ஒரு பிரதி இருந்தால் எந்த வழியிலும் அச்சமின்றி இறங்கலாம் என்பதும் எல்லோரும் அறிந்தவை. அவற்றில் நேரம் செலவிட வேண்டியதில்லை.

ரீசெட் வழியையும் விரைவாகவே கடந்துவிடலாம். உற்பத்தியாளரின் மென்பொருளே ஓடும் பெட்டிக்கு அது தவறான தேர்வு அல்ல. எடுத்துக்காட்டாக, சினாலஜி பெட்டிகளில் இயங்குதளம் வட்டுகளின் முதல் பகிர்வில் (வட்டைப் பிரித்த பகுதிகளில் ஒன்று) ரெய்டு 1 ஆகப் படிந்திருக்கிறது. பயனரின் தரவு வேறு பகிர்வில் இருப்பதால், இயங்குதளத்தை மட்டும் மறுபடி நிறுவித் தரவைத் தொடாமல் விட முடிகிறது. ஆனால் இடையில் வரும் திரைகளைச் சொல் சொல்லாகப் படிக்க வேண்டும். வட்டிலுள்ள எல்லாத் தரவும் அழியும் என்ற எச்சரிக்கை வந்தால், அது மீட்பு அல்ல, புதிதாக அமைப்பது. அங்கேயே நிறுத்திவிட வேண்டும். என்னைப் போல டெபியனை ஏற்றி வைத்திருப்பவருக்கு இந்த வழியால் பயன் குறைவு. பெட்டி எழுந்தாலும் நாம் அமைத்தது எதுவும் மிஞ்சாது, எதனால் விழுந்தது என்பதும் தெரியாமல் போய்விடும்.

வட்டைக் கழற்றும் வழிதான் பெரும்பாலானோரின் முதல் தேர்வு, அதற்கு நியாயமும் உண்டு. திருப்புளி ஒன்றும் வன்வட்டை மாட்டும் சாட்டா இணைப்புள்ள கணினி ஒன்றும் போதும். எந்த வட்டு எந்தத் துளையில் இருந்தது என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டிவிட்டு, நிறுவாமலே ஓடும் லைவ் யூஎஸ்பியில் துவக்கிய லினக்ஸில் மாட்டினால், பெரும்பாலும் எம்டிஏடிஎம் என்னும் ரெய்டு கருவி தானாகவே ரெய்டைக் கூட்டிவிடும். வேறொரு கணினியில் பிறந்த ரெய்டு வரிசை என்பதால் அது எம்டி127 என்ற பெயரில் வந்து நிற்கும். விண்டோஸ் கணினியில் மாட்டினால், வட்டைத் துவக்கநிலைப்படுத்தலாமா என்று அது கேட்கும். அதற்கு ஒருபோதும் சம்மதிக்கக் கூடாது. சில யூஎஸ்பி உறைகள் 512 பைட் செக்டரை (வட்டின் மிகச் சிறிய அலகு) 4096 பைட்டாகக் காட்டுவதால், பகிர்வு அட்டவணையே பிழையாகத் தோன்றும் இடரும் உண்டு. நேரடிச் சாட்டா துளை இருந்தால் அதையே பயன்படுத்துவது நல்லது.

இந்த வழியில் பலர் கவனிக்காத ஓர் ஆபத்து, 'படிக்க மட்டும்' என்று சொல்லி ஏற்றினாலும் வட்டில் எழுத்து நிகழக்கூடும் என்பது. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை சரியாக மூடப்படாமல் விடப்பட்டிருந்தால், அதைப் படிக்க மட்டும் ஏற்றும்போதும் கர்னல் ஜர்னலை (எழுதப்படவிருக்கும் மாற்றங்களின் குறிப்பேட்டை) ஓட்டி, நிலுவையில் உள்ளவற்றை வட்டில் எழுதும். நோலோட் என்ற தேர்வைச் சேர்த்தால்தான் அது நிற்கும். ரெய்டு 1 இன் ஒரு பாதியை மட்டும் மாட்டி இப்படி எழுதவிட்டால், இரண்டு பாதிகளிலும் மாற்றங்களை எண்ணிவரும் நிகழ்வு எண்ணும் வேறுபட்டுவிடும். மறுபடி சேர்க்கும்போது ஒன்று பழையதாகக் கருதப்பட்டு ஒதுக்கப்படும், பிறகு ஒத்திசைவு முடியும் வரை காத்திருக்க வேண்டும். ஆகவே வரிசையையே படிக்க மட்டும் என்ற நிலையில் கூட்டி, அதற்கு மேல் நோலோட்டுடன் ஏற்றுவதுதான் பாதுகாப்பு. நான் அப்படித்தான் செய்தேன்.

வட்டில் எல்லாம் சரியாக இருந்தது. அந்த மாலை எனக்குத் தந்த பதில் அவ்வளவுதான். பூட் அடைவு நிரம்பியிருக்கவில்லை. எந்தப் பகிர்வை எங்கே ஏற்றுவது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் யூயூஐடிகள், அதாவது பகிர்வுகளின் அடையாள எண்கள், பொருந்தின. தரவு முழுமையாக இருந்தது. பதிவுக் கோப்புகளில் மறுதொடக்கத்திற்கு முந்தைய வரிகளோடு எல்லாம் நின்றுபோயிருந்தது. அதற்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. அந்த வெறுமையே ஒரு தடயம் என்பதை நான் உடனே உணரவில்லை. இயங்குதளம் இருக்கும் வேர்க் கோப்பு முறைமை ஏறிய பிறகு விழுந்திருந்தால் ஏதாவது எழுதப்பட்டிருக்கும். எதுவும் எழுதப்படவில்லை என்றால், பெட்டி வட்டை எட்டுவதற்கு முன்பே நின்றிருக்கிறது.

இரண்டு வழிகளுக்கும் இடையிலான தீர்ப்பு முழுவதும் இந்த ஒரு புள்ளியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. மேசைக் கணினியில் கர்னலும், வேர்க் கோப்பு முறைமையை ஏற்ற அதற்கு உதவும் தொடக்கத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸும் வட்டிலேயே இருக்கும். ஆனால் என்னுடையதைப் போன்ற ஏஆர்எம் செயலி கொண்ட நாஸ் பெட்டிகள் பலவற்றில், கர்னலை ஏற்றித் துவக்கும் யூ-பூட் என்னும் பூட்லோடரும், கர்னலும், இனிட்ராம்எஃப்எஸ்ஸும் போர்டில் பற்றவைக்கப்பட்ட ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கின்றன; வேர்க் கோப்பு முறைமை மட்டுமே வட்டில் உள்ளது. டெபியனில் ஃபிளாஷ்-கர்னல் என்ற தொகுப்பு ஒவ்வொரு கர்னல் புதுப்பித்தலின்போதும் புதிய படிமத்தை (கர்னலை அடக்கிய ஒரே கோப்பை) அந்த நினைவகத்தில் எழுதுகிறது. அந்த எழுத்து பாதியில் நின்றால், வட்டுகளை எத்தனை கணினிகளில் மாட்டிப் பார்த்தாலும் கோளாறு கண்ணில் படாது, ஏனெனில் கோளாறு கழற்றி எடுத்த வட்டில் இல்லை, மேசையில் விட்டுவந்த பெட்டியில் இருக்கிறது.

சீரியல் வழிக்குத் தேவைப்படுவது, அந்த ஊசிகளை மடிக்கணினியின் யூஎஸ்பி துளையோடு இணைக்கும் யூஎஸ்பி-டிடிஎல் மாற்றி ஒன்றும் மூன்று கம்பிகளும். எஃப்டி232, சிபி2102, சிஎச்340 ஆகிய சில்லுகளில் எது இருந்தாலும் போதும், ஆனால் மின்னழுத்தம் 3.3 வோல்ட் ஆக இருக்க வேண்டும். பழைய கணினிகளின் பின்புறத்தில் இருக்கும் ஒன்பது ஊசி ஆர்எஸ்-232 துளையை நேரடியாக இணைத்தால் அதன் உயர்ந்த மின்னழுத்தம் சில்லைக் கொன்றுவிடும். என் போர்டில் நான்கு ஊசிகள் வரிசையாக நின்றன, பக்கத்தில் ஒரு எழுத்தும் அச்சிடப்படவில்லை. மல்ட்டிமீட்டரால் தேடினேன். பெட்டி அணைந்திருக்கும்போது உலோகச் சட்டத்தோடு தொடர்ச்சி காட்டியது கிரவுண்ட். பெட்டியை இயக்கிய பின் அசையாமல் 3.3 வோல்ட் காட்டியது மின்சாரம் தரும் ஊசியான விசிசி. அதை எதனுடனும் இணைக்கக் கூடாது. துவங்கும் நொடிகளில் முள் நடுங்கியது பெட்டி செய்தி அனுப்பும் ஊசியான டிஎக்ஸ். மிஞ்சியது செய்தி பெறும் ஊசியான ஆர்எக்ஸ். பெட்டியின் டிஎக்ஸை மாற்றியின் ஆர்எக்ஸுடனும், அதன் ஆர்எக்ஸை மாற்றியின் டிஎக்ஸுடனும் குறுக்காக இணைக்க வேண்டும்.

டெர்மினல் நிரலில் வேகம் 115200, எட்டு பிட், பாரிட்டி இல்லை, ஒரு நிறுத்தப் பிட் என்று அமைத்தேன். மினிகாம் என்னும் டெர்மினல் நிரலைப் பயன்படுத்துவோர், தரவு செல்வதை நிறுத்தி விடும் வன்பொருள் ஃப்ளோ கன்ட்ரோலை அணைத்துவிட வேண்டும். அது இயங்கிக்கொண்டிருந்தால் திரையில் எழுத்துகள் ஓடும், ஆனால் நாம் தட்டுவது எதுவும் பெட்டிக்குப் போய்ச் சேராது. கம்பியை மாற்றி மாற்றி இணைத்துப் பார்த்து இதில் அரைமணி நேரத்தை இழந்தேன்.

பெட்டியை இயக்கினேன். யூ-பூட்டின் பெயரும் பதிப்பும் வந்தன, நினைவக அளவு வந்தது, எந்த விசையையாவது தட்டினால் தானியங்கித் துவக்கம் நிற்கும் என்ற வரியில் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண் இறங்கியது. தட்டாமல் விட்டேன். கர்னல் படிமத்தின் பெயரும் அளவும் வந்தன. சரிபார்ப்புத் தொகை பார்க்கப்படுகிறது என்ற வரியின் முடிவில் 'பேட் டேட்டா சிஆர்சி' என்று அச்சாகி, எல்லாம் நின்றது. படிமத்தின் தொடக்கத்திலுள்ள 64 பைட் தலைப்பு சரியாக எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் அதைத் தொடரும் தரவு தலைப்பு சொல்லும் சிஆர்சி என்னும் சரிபார்ப்புத் தொகையோடு பொருந்தவில்லை என்பதே அதன் பொருள். வைஃபை அறுந்த பின்னும் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த ஃபிளாஷ் எழுத்தை என் மறுதொடக்கம் பாதியில் வெட்டியிருந்தது. ஒரு மாலை முழுவதும் வட்டில் தேடிக் கிடைக்காத விடை, பெட்டியை இயக்கிய சில நொடிகளில் திரையில் நின்றது.

காரணம் தெரிவதோடு இதன் சிறப்பு முடியவில்லை. எதையும் எழுதாமலே தீர்வைச் சோதித்துப் பார்க்கவும் முடிகிறது. டெபியனை நிறுவிய பிறகு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த நாளொன்றில் ஃபிளாஷ் பகிர்வுகள் ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோப்புகளாகப் பிரதி எடுத்து மடிக்கணினியில் வைத்திருந்தேன். அந்தக் கர்னலுக்குரிய தொகுப்பை நீக்காததால் அதன் துணைக் கூறுகளான மாட்யூல்களும் வட்டில் இருந்தன. மடிக்கணினியில், கோப்புகளை நெட்வொர்க் வழியே அனுப்பும் ஒரு டிஎஃப்டிபி சேவையகத்தை இயக்கி, நெட்வொர்க் கம்பியால் நேராகப் பெட்டியுடன் இணைத்தேன். அடுத்த முறை எண் இறங்கும்போது விசையைத் தட்டி நிறுத்தி, யூ-பூட்டின் மாறிகளைப் பட்டியலிட்டுப் பார்த்தேன். கர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் தற்காலிக நினைவகமான ரேமின் எந்த முகவரிகளில் ஏற்ற வேண்டும் என்பது துவக்கக் கட்டளையிலேயே இருந்தது. இரு பக்கத்து ஐபி முகவரிகளையும் கொடுத்து இரண்டு கோப்புகளையும் அந்த முகவரிகளுக்கு இழுத்தபோது, திரையில் ஹாஷ் குறிகள் வரிசை வரிசையாக நிரம்பின. பிறகு அங்கிருந்தே துவக்கச் சொன்னேன். கர்னல் எழுந்தது, ரெய்டு கூடியது, உள்நுழையும் வரி வந்தது. அதுவரை ஃபிளாஷில் ஒரு பைட்டும் மாறவில்லை. என் ஊகம் பிழையாகியிருந்தால் மின்சாரத்தை அணைத்துவிட்டு மீண்டும் அதே இடத்திலிருந்து தொடங்கியிருப்பேன். மற்ற இரண்டு வழிகளிலும் சரிசெய்வது என்றாலே எழுதுவதுதான்.

உள்நுழைந்ததும் முதலில் ரெய்டின் நிலையைப் பார்த்தேன். இரண்டு வட்டுகளும் இணைந்தே இருந்தன. பாதியில் நின்ற தொகுப்பு அமைப்பை இணைப்பு அறுந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் டிமக்ஸ் அமர்வுக்குள் முடிக்கச் சொன்னேன். ஃபிளாஷ்-கர்னல் மறுபடி ஓடிப் புதிய படிமத்தை எழுதியது. உடனே மறுதொடக்கம் செய்யவில்லை. எழுதிய பகிர்வைத் திரும்பப் படித்து, தலைப்பு சொல்லும் அளவுக்கு வெட்டி, சிஆர்சி பொருந்துகிறதா என்று சரிபார்த்த பிறகே செய்தேன்.

சீரியல் வழியின் குறைகளையும் சொல்ல வேண்டும். பெட்டியைத் திறந்தால் உத்தரவாதம் பாதிக்கப்படலாம். சில பெட்டிகளில் ஊசிகள் இல்லை, வெறும் பற்றவைப்புத் துளைகளே உள்ளன. அங்கே சாலிடரிங் தெரிந்திருக்க வேண்டும். சில உற்பத்தியாளர்கள் யூ-பூட்டின் காத்திருப்பு நேரத்தைப் பூஜ்யமாக்கியோ கடவுச்சொல் வைத்தோ விடுகிறார்கள். அப்போது படிக்க முடியும், தலையிடுவது கடினம். யூ-பூட்டுக்குள் இருக்கும்போது மாறிகளைச் சேமிக்கும் கட்டளையையும் ஃபிளாஷை அழிக்கும் கட்டளையையும் பழக்கதோஷத்தில் தட்டிவிடக் கூடாது. யூ-பூட் இருக்கும் பகுதியே அழிந்தால் வேலை பல மடங்காகும். மார்வெல் நிறுவனத்தின் கிர்க்வுட் சில்லுகள் பலவற்றில் கேடபிள்யூபூட் என்ற கருவி சீரியல் வழியாகவே யூ-பூட்டை ரேமில் ஏற்றித் துவக்க உதவுகிறது என்றாலும், அந்த நிலைக்கு நான் போனதில்லை, அந்த அனுபவத்தைப் பற்றி உறுதி கூற மாட்டேன்.

மேசைக் கணினியில் உள்ளது போன்ற எக்ஸ்86 செயலி கொண்ட பெட்டியாக இருந்தால் என் தேர்வு மாறும். அங்கே எச்டிஎம்ஐ துளை இருந்தால் திரையை மாட்டியே பிழையைப் படித்துவிடலாம். கர்னலும் வட்டிலோ செருகிய யூஎஸ்பியிலோ இருப்பதால் லைவ் லினக்ஸில் துவக்கி, சிஎச்ரூட் செய்து (வட்டிலுள்ள அமைப்புக்குள் நுழைந்து), பூட் பகிர்வு நிரம்பியதால் குறைபட்டுப்போன இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி கட்டுவது எளிது. எஃப்எஸ்டேப்பில் குறிக்கப்பட்டும் பெட்டியில் இல்லாத வட்டொன்றுக்காக, துவக்க வேலைகளை நடத்தும் சிஸ்டம்டி 90 நொடி காத்திருந்து அவசர நிலைக்குப் போயிருந்தால், அந்த வரியில் நோஃபெயில் (வட்டு இல்லாவிட்டாலும் தொடர் என்ற குறிப்பு) சேர்ப்பதும் அங்கிருந்தே முடியும். ஏஆர்எம் பெட்டியின் வட்டை எக்ஸ்86 கணினியில் மாட்டி சிஎச்ரூட் செய்ய வேண்டுமானால் க்யூமு போன்ற போலிச் செயலியின் துணை வேண்டும். இசட்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமையை அடிப்படையாகக் கொண்ட நாஸ் இயங்குதளமான ட்ரூநாஸில் இந்தப் போட்டிக்கே இடம் குறைவு: பழைய துவக்கச் சூழலைப் பட்டியலிலிருந்து தேர்ந்தால் முந்தைய பதிப்பு எழுகிறது. ஆனால் புதுப்பித்த கையோடு சேமிப்புக் குளத்தின் (வட்டுகள் சேர்ந்த தொகுதியின்) அம்சங்களையும் மேம்படுத்திவிட்டால், பழைய பதிப்பால் அந்தக் குளத்தைத் திறக்க முடியாமல் போகலாம். ட்ரூநாஸை நான் ஒரே ஒரு முறைதான் கையாண்டிருக்கிறேன்.

இப்போது அந்த மூன்று கம்பிகளும் பெட்டியின் பின்புறக் காற்றுத் துளை வழியாக வெளியே வந்து நிற்கின்றன. கறுப்பு கிரவுண்ட், வெள்ளை டிஎக்ஸ், பச்சை ஆர்எக்ஸ் என்று ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கர்னல் புதுப்பித்தலுக்கு முன்னும் ஃபிளாஷ் பகிர்வுகளின் பிரதி மடிக்கணினிக்குப் போகிறது, புதுப்பித்தல் டிமக்ஸுக்குள் நடக்கிறது, மறுதொடக்கத்தின்போது மாற்றியைச் செருகி முதல் வரியிலிருந்து படிக்கிறேன்.