பூலில் குளோரின் நிற்கவில்லையா? ஹைப்போ, மாத்திரை, உப்பு மெஷின்: ஓர் அலசல்

மதுரைப் பக்கம் வீட்டு நீச்சல் குளம் இப்போது அபூர்வமில்லை. அழகர்கோவில் சாலை, நத்தம் சாலை ஓரத் தோப்பு வீடுகளில் 30க்கு 15 அடியில் ஒன்று கட்டி நீல டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். பங்குனி பிறந்ததும் எல்லா வீட்டுப் புகாரும் ஒன்றுதான்: குளோரின் போட்டால் நிற்பதில்லை. “நேத்து ராத்திரிதான் ஒரு கேன் ஊத்துனேன்ணே, இன்னைக்குச் சாயங்காலம் பாத்தா ஜீரோ” என்பார் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி. உடனே மருந்தை மாற்றுவார்கள். பிளீச்சிங் பவுடர் போட்டவர் மாத்திரைக்குப் போவார், மாத்திரை போட்டவர் உப்பு மெஷின் விலை விசாரிப்பார். எது நல்லது என்று கேட்பதற்கு முன்னால், குளோரின் பகலில் போகிறதா இரவில் போகிறதா என்று பார்த்தாக வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

பார்ப்பது சுலபம். பொழுது சாய்ந்த பிறகு மோட்டாரை ஓடவிட்டுத் தண்ணீரைச் சோதியுங்கள். யாரும் இறங்க வேண்டாம். மறுநாள் வெயில் ஏறும் முன்பே மறுபடி சோதியுங்கள். இழப்பு 1 பிபிஎம்முக்குள் (லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள்) இருந்தால் தண்ணீரில் குற்றமில்லை, குளோரினைக் குடிப்பது வெயில்தான். அதற்கு மேல் போயிருந்தால் தண்ணீருக்குள் இருக்கும் ஏதோ ஒன்று அதைத் தின்கிறது.

இந்தச் சோதனைக்கு எந்த கிட் என்பதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. மஞ்சள் நிறம் காட்டும் ஓடிஓ சொட்டு மருந்து மலிவு, ஆனால் அது மொத்தக் குளோரினைத்தான் காட்டும். வேலை செய்யும் குளோரின், அழுக்கோடு ஒட்டிச் செத்த குளோரின் எல்லாம் அதற்கு ஒன்றுதான். ரோஸ் நிறம் காட்டும் டிபிடி இரண்டையும் பிரித்துக் காட்டும், ஆகவே அதையே வாங்குங்கள். அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிட்டில் வரும் சோதனை மாத்திரையைப் போட்டதும் சோதனைக் குழாயில் ரோஸ் நிறம் பளிச்சென்று ஒரு கணம் வந்து, கண்ணெதிரே வெளுத்துத் தெளிந்துவிட்டால் குளோரின் இல்லை என்று அர்த்தமில்லை. அளவுக்கு மீறி இருக்கிறது, சாயத்தையே வெளுத்துவிட்டது என்று அர்த்தம். அதைப் பூஜ்யம் என்று எண்ணி இன்னொரு கேனை ஊற்றுகிறவர்கள் உண்டு. அப்படித் தெரிந்தால் பூல் தண்ணீரில் ஒரு பங்குக்கு நாலு பங்கு குளோரின் இல்லாத தண்ணீர் கலந்து சோதித்து, வரும் எண்ணை ஐந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

வெயில்தான் காரணம் என்றால்

ஸ்டெபிலைசர் (குளோரினை வெயிலிலிருந்து காக்கும் மருந்து) இல்லாத தண்ணீரில் உச்சி வெயிலின் புற ஊதாக் கதிர் ஒரு மணி நேரத்துக்குள் குளோரினில் பாதியைக் காலி செய்துவிடும். மதுரையின் கத்திரி வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் போனால் மிச்சம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. இதற்கு மூன்று வழிகள்.

முதலாவது, சாயங்காலம் மட்டும் மருந்து ஊற்றுவது. இரவு முழுக்க அது வேலை செய்யும், செலவும் இல்லை. ஆனால் பிள்ளைகள் மறுநாள் மதியம் குதிக்கும்போது தண்ணீரில் பாதுகாப்பு இருக்காது. இரண்டாவது, பச்சை ஷேட் நெட் கட்டுவது. குளோரினும் மிஞ்சும், தண்ணீர் ஆவியாவதும் குறையும். காற்றடிக்கும் ஆடியில் அதைக் கட்டி மாளாது, அது வேறு விஷயம். மூன்றாவது ஸ்டெபிலைசர், அதாவது சயனூரிக் அமிலம். இது குளோரினோடு லேசாக ஒட்டிக்கொண்டு வெயிலிலிருந்து காப்பாற்றும். 30 முதல் 50 பிபிஎம் போதும். 50,000 லிட்டர் குளத்தில் 30 பிபிஎம் ஏற ஒன்றரைக் கிலோ. பழைய சாக்ஸில் கட்டி, தண்ணீர் திரும்பி வரும் துவாரத்துக்கு எதிரே தொங்கவிட்டால் மெல்லக் கரையும்.

மூன்றில் ஸ்டெபிலைசருக்குத்தான் என் ஓட்டு. ஒரு நிபந்தனை: அளவு மீறக் கூடாது. இது ஆவியாகாது, வடிகட்டியிலும் நிற்காது. அளவு கூடக் கூடக் குளோரினின் வேகம் குறையும். சுமார் கணக்கு என்னவென்றால், ஸ்டெபிலைசர் அளவில் ஏழரை சதவீதமாவது குளோரின் இருக்க வேண்டும். 40 இருந்தால் 3 போதும். 120 ஆகிவிட்டால் 9 வேண்டும். கிட் 3 காட்டும், சுவரிலோ பாசி வழுக்கும்.

தண்ணீர் தின்கிறது என்றால்

இரவில் குறைகிறது என்றால் ஸ்டெபிலைசர் போட்டுப் பயனில்லை. எது தின்கிறது? அழகர் ஆற்றில் இறங்கும் சமயத்தில் வேப்பம்பூ கொட்டித் தண்ணீர்மேல் பாய் விரித்ததுபோல் கிடக்கும். நம் ஊரில் இன்னொன்று உண்டு: தலை நிறைய எண்ணெய் தேய்த்த பிள்ளைகள் அப்படியே குதிப்பது. எண்ணெய், வேர்வை, சிறுநீர் மூன்றுமே குளோரினைத் தின்னும். வேர்வையிலும் சிறுநீரிலும் உள்ள யூரியாவும் அம்மோனியாவும் குளோரினோடு சேர்ந்துதான் கண் எரிச்சலும் ‘குளோரின் வாடை’யும் வருகின்றன. மூக்கைத் துளைக்கும் அந்த வாடை குளோரின் அதிகம் என்பதற்கல்ல, வேலை செய்யும் குளோரின் போதவில்லை என்பதற்கு அடையாளம். அப்புறம், மழைக்காலத்தில் கவனிக்காமல் விட்ட குளங்களில் பாக்டீரியா ஸ்டெபிலைசரையே அம்மோனியாவாக உடைத்து வைத்திருக்கும். தை மாதம் மூடியைத் திறந்து மருந்து ஊற்றினால் ஊற்றிய கையோடு காணாமல் போகும்.

போர் தண்ணீர்மேல் சந்தேகமா? இரண்டு பக்கெட்டில் பத்துப் பத்து லிட்டர் பிடியுங்கள், ஒன்றில் போர் தண்ணீர், ஒன்றில் பூல் தண்ணீர். 10 சதவீத ஹைப்போ (கேனில் வரும் திரவக் குளோரின், சோடியம் ஹைப்போகுளோரைட்) பத்துச் சொட்டு ஒவ்வொன்றிலும் விட்டால் சுமார் 5 பிபிஎம் ஏறும். கலக்கிச் சோதித்துவிட்டு மூடி, வீட்டுக்குள் இரவு முழுக்க வையுங்கள். காலையில் எந்தப் பக்கெட்டில் குறைந்திருக்கிறதோ அங்கேதான் குற்றம். வயலை ஒட்டிய போர்களில், மேலூர்ப் பக்கம் போலக் கால்வாய்ப் பாசனமும் உரமும் புழங்கும் இடங்களில், இந்தப் பரிசோதனை வீண்போகாது. இரும்புச்சத்துள்ள தண்ணீரும் குளோரினைத் தின்னும், கூடவே பழுப்பாகும்.

தீர்வு இரண்டு. ஒன்று, ஷாக்: ஸ்டெபிலைசர் அளவில் சுமார் 40 சதவீதத்துக்குக் குளோரினை ஏற்றி, இரவு இழப்பு 1க்குள் வரும்வரை அந்த அளவிலேயே பிடித்து வைப்பது. ஸ்டெபிலைசர் 40 என்றால் 16 பிபிஎம், 50,000 லிட்டருக்கு 10 சதவீத ஹைப்போ எட்டு லிட்டர். ஒரே முறை ஊற்றிவிட்டு ‘ஷாக் கொடுத்தாச்சு’ என்று விட்டால் பணம்தான் போகும். குறையக் குறையத் திரும்ப ஏற்ற வேண்டும், தேய்த்துக் கழுவ வேண்டும், ஃபில்டரைப் பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு அலசுவது) செய்ய வேண்டும். இன்னொன்று, தண்ணீரை மாற்றுவது. ஸ்டெபிலைசர் 100ஐத் தாண்டியிருந்தால் வேறு வழியே இல்லை. பாதி மாற்ற 12,000 லிட்டர் லாரி இரண்டு வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் நிலத்தடி நீர் மேலே வந்திருக்கும்போது முழுக்க வடிக்காதீர்கள், காலித் தொட்டியை அடிநீர் தூக்கிவிடக்கூடும்.

சரி, எந்த மருந்து?

50,000 லிட்டரில் 1 பிபிஎம் ஏற்ற 10 சதவீத ஹைப்போ அரை லிட்டர், பிளீச்சிங் பவுடர் சுமார் 150 கிராம், 65 சதவீதக் கால்சியம் ஹைப்போ குருணை 77 கிராம், குளோரின் மாத்திரை (டிசிசிஏ 90) 55 கிராம். கணக்கில் மாத்திரை ஜெயிக்கிறது, கூடவே வருவதைப் பார்க்கும்வரை. டிசிசிஏ தரும் ஒவ்வொரு 10 பிபிஎம் குளோரினோடும் 6 பிபிஎம் ஸ்டெபிலைசரும் ஏறும். நாளைக்கு 2 பிபிஎம் என்று மாத்திரையிலேயே ஓட்டினால் மூன்று மாதத்தில் நூறைத் தாண்டிவிடும். புதுக் குளத்துக்கு முதல் ஒரு மாதம் நல்லது, ஊருக்குப் போகும் வாரத்துக்கும் நல்லது, அவ்வளவுதான்.

கால்சியம் ஹைப்போவில் ஸ்டெபிலைசர் ஏறாது, கால்சியம் ஏறும்: 10 பிபிஎம் குளோரினுக்கு 7 வீதம் கடினத்தன்மை கூடும். நம் போர் தண்ணீர் ஏற்கெனவே வாளியில் வெள்ளைப் படிவை ஏற்றுகிற தண்ணீர். கோடையில் ஆவியாகிற அளவுக்குத் தினமும் அதையே விட்டு நிரப்புகிறோம். டைல்ஸில் கோடு விழுவதற்கு வேறு என்ன வேண்டும்? பிளீச்சிங் பவுடரைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை: அடியில் சுண்ணாம்பு வண்டல், பை திறந்ததும் வீரியம் இறங்கும்.

உப்பு மெஷின் சுகமானது, மறுப்பதற்கில்லை. லிட்டருக்கு சுமார் 3 கிராம் உப்பு, மோட்டார் ஓடும்போதெல்லாம் தானே குளோரின் தயாரிக்கும். ஆனால் கடின நீரில் அதன் தகட்டில் சுண்ணாம்பு படியும், பிஎச் ஏறிக்கொண்டே இருக்கும், கரண்ட் இல்லாவிட்டால் குளோரினும் இல்லை. தண்ணீரை மென்மையாக்கும் வசதியும் அமிலம் போட ஆளும் உள்ள வீட்டுக்குத்தான் ஒத்துவரும்.

மிஞ்சுவது லிக்விட் ஹைப்போ. ஸ்டெபிலைசரைத் தனியாக ஒருமுறை 40க்குக் கொண்டுவந்துவிட்டு, தினமும் மாலை ஹைப்போ ஊற்றுவதுதான் இந்த ஊர்த் தண்ணீருக்கும் வெயிலுக்கும் நான் சொல்லும் வழி. கேன் தூக்குகிற சிரமம் உண்டு. மே மாத வெப்பத்தில் ஒன்றிரண்டு மாதத்தில் பாதி வீரியம் போய்விடும் என்பதால் மொத்தமாக வாங்கி வைக்காதீர்கள், தயாரித்த தேதியைப் பார்த்து, மூன்று வாரத்துக்கு ஆவதை மட்டும் வாங்கி நிழலில் வையுங்கள். எதை வாங்கினாலும் ஒன்றுக்கு இன்னொன்றின் மக்கைப் பயன்படுத்தாதீர்கள். கால்சியம் ஹைப்போவும் டிசிசிஏவும் ஒன்றாகப் பட்டால் தீப்பிடிக்கும். ஹைப்போவும் அமிலமும் சேர்ந்தால் நச்சுக் குளோரின் வாயு கிளம்பும், மோட்டார் அறை போன்ற மூடிய இடத்தில் அது ஆளையே சாய்த்துவிடும்.