கோல்ஃப் பட்டிங் லேசர் வாங்கப் போகிறீர்களா? முதலில் தரையில் வைத்துப் பாருங்கள்

கோல்ஃபில் பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் பட்டர் (putter) மட்டையில் மாட்டும் லேசர் பயிற்சிக் கருவி ஒன்றை வாங்கி, மூன்று வாரம் ஒருநாள்கூட விடாமல் பழகி, ஓரளவு சுமாராக இருந்த என் பட்டிங்கை, அதாவது அந்த உருட்டலை, நானே கெடுத்துக்கொண்டேன். விற்றவர் பெயரை எழுதவில்லை. இதே பொருள் வேறு வேறு பெட்டிகளில், வேறு வேறு பெயர்களில் வருகிறது, அதனால் பெயர் தெரிந்தும் பயனில்லை.

யோசனையில் தப்பில்லை என்பதுதான் என்னை இழுத்தது. உருட்டிவிட்ட பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, பந்தைத் தொடும் நேரத்தில் மட்டையின் முகம் எங்கே பார்க்கிறது என்பதுதான். கை போகும் பாதைக்கு அதில் பங்கு குறைவு. முகம் பார்க்கும் திசையை ஒரு சிவப்புப் புள்ளி காட்டிக்கொடுத்தால் நல்லதுதானே? புள்ளியைக் குழியின் நடுவில் நிறுத்து, தட்டு. கூடவே ஆறடி நீளத்துக்கு ஒரு பச்சை விரிப்பும் கொடுத்தார்கள்.

விரிப்பில் பத்துக்கு ஒன்பது உள்ளே விழுந்தது. எனக்கு ஒரே பெருமை. மூன்றாம் நாளே ஐந்து நட்சத்திரம் போட்டேன். ஐந்து போட்டால் கூடுதல் பேட்டரி இலவசம் என்று பெட்டிக்குள் ஒரு சீட்டு இருந்ததும் ஒரு காரணம், ஒளிப்பானேன். இன்று அந்த மதிப்பீட்டை மாற்றவும் முடியவில்லை, அழிக்கவும் முடியவில்லை. நீங்கள் படித்து மயங்கும் பாராட்டுகளில் என்னுடையதும் ஒன்று.

அப்புறம் மைதானத்துக்குப் போனேன். பத்து, பன்னிரண்டு அடியிலிருந்து தட்டியது எல்லாமே குழியின் வலது ஓரத்தை உரசிக்கொண்டு போனது. ஒன்றிரண்டு என்றால் க்ரீனின் (குழியைச் சுற்றியுள்ள புல்தரையின்) சரிவு என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். வலப்பக்கம் சரிந்த இடத்திலும் வலது, இடப்பக்கம் சரிந்த இடத்திலும் வலது.

வீட்டுக்கு வந்து டைல்ஸ் தரையில் சோதித்தேன். இரண்டு கோடுகள் செங்குத்தாக வெட்டும் இடத்தில் மட்டை முகத்தை ஒரு கோட்டோடு ஒட்டி வைத்தேன். லேசர் சரியாக இருந்தால் புள்ளி மற்றக் கோட்டின் மேலேயே போக வேண்டும். பக்கத்தில் கோட்டின் மேல்தான் இருந்தது. தூரம் கூடக் கூட இடப்பக்கம் விலகி, பத்தடியில் இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளி நின்றது. கணக்குப் போட்டால் ஒரு டிகிரிக்குச் சற்று மேல். லேசர் குழாயை அதன் பிடிக்குள்ளேயே மெல்லச் சுழற்றினேன். புள்ளி ஓரிடத்தில் நிற்காமல் வட்டம் போட்டது. கதிர் குழாய்க்குள்ளேயே கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

புள்ளி இடப்பக்கம் விலகியிருக்க, அதைக் குழியில் கொண்டுபோய் நிறுத்தும்போதெல்லாம் மட்டை முகத்தை நான் வலப்பக்கம் திருப்பியிருக்கிறேன். சரி, விரிப்பில் ஏன் தெரியவில்லை? குழியின் விட்டம் 4.25 அங்குலம், நடுவிலிருந்து ஓரத்துக்கு இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல். ஒரு டிகிரி கோணல் ஆறடியில் பந்தை ஒன்றேகால் அங்குலம்தான் தள்ளும். பந்து உள்ளே விழுந்துவிடும், நாமும் மகிழ்ந்துவிடுவோம். பத்தடியில் அதே கோணல் ஓரம் வரை தள்ளும், பன்னிரண்டில் வெளியே. கருவியின் தப்பு வெளியே தெரியாத நீளத்தில்தான் விரிப்பு இருந்தது. வேண்டுமென்றே செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். அவ்வளவு கணக்குப் போடுகிறவர்கள் லேசரை நேராக வைத்திருப்பார்கள்.

விரிப்பின் கடைசியில் ஒரு சின்ன ஏற்றம் வேறு. அதன்மேல் ஏற வேண்டும் என்று கொஞ்சம் அழுத்தியே தட்டிப் பழகிவிட்டேன். வேகமாக வரும் பந்து ஓரத்தில் பட்டால் உள்ளே இறங்காமல் சுற்றிக்கொண்டு வெளியே போய்விடும். கோணலோடு இந்த வேகமும் சேர்ந்துகொண்டது.

பெட்டியில் "போட்டிகளுக்கும் ஏற்றது" என்று அச்சிட்டிருந்தார்கள். இது சுத்தப் பொய். கோல்ஃப் விதிகளில் 4.3 இந்த மாதிரிக் கருவிகளைப் பற்றியதுதான். பையில் சும்மா கிடந்தால் குற்றமில்லை, சுற்றின் நடுவில் எடுத்துப் பயன்படுத்தினால் தண்டனை உண்டு, தகுதிநீக்கம் வரைக்கும் போகலாம். கூட ஆடிய பெரியவர் ஒருவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அவர் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அடுத்த போட்டியில் மாட்டிக்கொண்டே போய் நின்றிருப்பேன்.

இனி பணம். 30 நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று வாக்கு. 25ஆம் நாள் எழுதினேன். வீடியோ கேட்டார்கள், அனுப்பினேன். வெளிச்சம் போதவில்லை, வேறு வீடியோ என்றார்கள், அதையும் அனுப்பினேன். அப்புறம் வரிசை எண்ணின் படம். அதற்குப் பிறகு நான்கு நாள் பேச்சே இல்லை. 32ஆம் நாள் பதில் வந்தது: காலம் கடந்துவிட்டது, தவிர, பிரிக்காத பெட்டிக்கு மட்டுமே உத்தரவாதம். பெட்டியைப் பிரிக்காமல் லேசர் கோணலா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன். அதற்கு இன்னும் பதில் இல்லை.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இன்றைக்கே டைல்ஸில் வைத்துப் பாருங்கள். கோணல் என்றால் விளக்கம் எழுதிக்கொண்டிருக்காமல், திருப்பித் தருகிறேன் என்று முதல் வரியிலேயே எழுதி, தேதியோடு ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். வீடியோவைப் பிறகு கேட்கட்டும்.

இப்போது நான் பழகுவது இரண்டு டீ ஆணிகளை (முதல் அடிக்குப் பந்தைத் தூக்கி வைக்கும் சின்னக் குச்சிகள்) வைத்து. பந்துக்கு ஓரடி முன்னால், பந்து நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டுக் குத்திவைத்து, நடுவே உருட்டுகிறேன். முகம் கொஞ்சம் திரும்பினாலும் பந்து ஆணியில் இடித்து உடனே காட்டிக்கொடுத்துவிடுகிறது. முதல் பத்துப் பந்தில் நான்கைந்து இன்னும் வலது ஆணியில்தான் இடிக்கிறது.