சான் திசிக் தீபாவளி: ஒரு எரித்ரிட்டால் பொட்டலத்தின் கதை

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் எங்கள் தெருவில் தீபாவளியன்று பலகாரத் தட்டு போகாத வீடு கிடையாது. தமிழ் வீடு, போஜ்புரி வீடு, கிரியோல் வீடு என்று பார்ப்பதில்லை. போன வருடம் நான்கு வீடு தள்ளியிருக்கும் தோழிக்கு அனுப்பிய தட்டு மட்டும் மூடிய துணிகூடக் கலையாமல் மறுநாள் திரும்பி வந்தது. அவளுக்கு டைப் 2 நீரிழிவு. "வீட்டில் இருந்தால் தின்றுவிடுவேன் அக்கா, அதனால்தான்" என்றாள். நாங்கள் பேசுவது கிரியோலில்தான். ஆனாலும் 'அக்கா' மட்டும் தமிழாகவே நின்றுவிட்டது.

கரும்பு வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். இப்போது தேநீர் ஊற்றும்போது பாதிப் பேர் 'சான் திசிக்' என்கிறார்கள். சர்க்கரை வேண்டாமாம். சரி, இந்த வருடம் அவளுக்குத் தனியாகச் செய்துவிடுவது என்று முடிவெடுத்து, சூப்பர்மார்க்கெட்டில் சர்க்கரைக்குப் பதிலாகக் கிடைத்ததையெல்லாம் வாங்கிப் பார்த்தேன்.

முதலில் ஏமாந்தது பிஸ்கட்டில். பிரான்ஸிலிருந்து வரும் பெட்டி, முன்பக்கம் பெரிய எழுத்தில் 'சான் சூக்ர் அஜுத்தே'. கூடுதலாகச் சர்க்கரை சேர்க்கவில்லை என்றுதான் அதற்குப் பொருள். 'சான் சூக்ர்', அதாவது சர்க்கரையே இல்லை, என்பது வேறு. அப்படிப் போட வேண்டுமானால் ஐரோப்பிய விதிப்படி 100 கிராமில் சர்க்கரை 0.5 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. என் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், சர்க்கரைக்குப் பதில் போடும் மால்டிட்டால் என்ற இனிப்பு. அது சர்க்கரை அளவுக்கு இல்லாவிட்டாலும் ரத்தச் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். அதற்கும் கீழே பொடி எழுத்தில், அதிகம் தின்றால் வயிற்றுப்போக்கு வரலாம் என்று ஒரு வரி. என் கணவர் அந்த வரியைப் படிக்காமல் பத்துப் பிஸ்கட் தின்றார். அன்றிரவு வீட்டில் யாரும் தூங்கவில்லை.

சைலிட்டால் என்ற இன்னொரு இனிப்பைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப அலமாரியிலேயே வைத்தேன். சர்க்கரைக்குச் சமமான இனிப்பு, கணக்குப் போட வேண்டாம், சமையலுக்குச் சுலபம். ஆனால் நாய்க்கு அது விஷம். ரத்தச் சர்க்கரை மளமளவென்று இறங்கும், ஈரலும் கெடும். எங்கள் வீட்டில் ஒன்று, தெருவில் எத்தனையோ. கீழே விழும் துண்டு யார் வாய்க்குப் போகும் என்று யார் கண்டது? ஸ்டீவியா என்ற செடியின் இனிப்புச் சொட்டையும் வாங்கினேன். இரண்டு சொட்டு கூடிவிட்டால் அதிமதுரக் கஷாயம் குடித்த மாதிரி நாக்கில் ஒட்டிக்கொள்கிறது. எங்கள் ஊர் புவா ஷெரி வனிலாத் தேநீரில் ஒரு சொட்டு விடலாம், அவ்வளவுதான்.

கடைசியில் கைகொடுத்தது எரித்ரிட்டால். பார்க்கச் சீனி மாதிரியே வெள்ளை மணி. இனிப்பு சர்க்கரையில் சுமார் 70 சதவீதம், கலோரி ஏறக்குறைய இல்லை. பெரும்பகுதி ரத்தத்தில் கலந்து சிறுநீரோடு வெளியேறிவிடுவதால் மால்டிட்டால் அளவுக்கு வயிற்றைக் கலக்குவதில்லை. குறை என்றால் விலை, கரும்புத் தோட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அது வயிற்றெரிச்சல். இன்னொன்று, வாயில் போட்டதும் புதினா மிட்டாய் மாதிரிச் சில்லென்று ஒரு குளிர்ச்சி. லட்டில் அது வந்தால் நன்றாகவா இருக்கும்?

அதனால் கத்தோ பத்தாத் செய்தேன். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: சர்க்கரைவள்ளிக் கிழங்கை வேகவைத்து மசித்து, மாவு சேர்த்துப் பிசைந்து, தேங்காய்ப் பூரணம் வைத்துப் பாதி நிலா மாதிரி மடித்துப் பொரிப்பது. வழக்கமாக 150 கிராம் சர்க்கரை போடும் பூரணத்துக்குக் கணக்குப்படி 210 கிராமுக்கு மேல் வேண்டும். நான் 170 போட்டேன், போதும். கிழங்கிலும் தேங்காயிலும் ஏற்கெனவே இனிப்பு இருக்கிறது. மணியாகவே போட்டால் பல்லில் நறநறக்கும், மிக்ஸியில் பொடித்துவிட வேண்டும். ஏலக்காயை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தட்டிப் போட்டதும் அந்தக் குளிர்ச்சி எங்கே போனதென்றே தெரியவில்லை.

நான் எதிர்பார்க்காத ஒரு லாபமும் கிடைத்தது. சர்க்கரை ஈரத்தை இழுத்து நீர்விடும், பூரணம் இளகும், ஓரம் பிரிந்து எண்ணெயில் கொட்டும், சட்டி கறுத்துப் போகும். எரித்ரிட்டால் ஈரத்தை அவ்வளவு இழுப்பதில்லை. முப்பது போட்டேன், ஒன்றுகூடப் பிரியவில்லை. சாதாரணப் பூரணத்தில் எனக்கு இது ஒரு நாளும் நடந்ததில்லை.

அதே உற்சாகத்தில் கத்தோ கோகோ செய்யப் போய் மாட்டிக்கொண்டேன். தேங்காய் வில்லைக்குப் பாகு வேண்டும். இதில் கம்பிப் பதம் வரவே வராது. தண்ணீராகவே கொதித்துக்கொண்டிருந்து, அடுப்பை அணைத்துத் திரும்புவதற்குள் மணலாக இறுகிவிட்டது. சேமியாப் பாயசம் சூடாக இருக்கும்வரை அருமை. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் அடியில் கல்கண்டு மாதிரிப் படிந்திருக்கிறது. குளிர்ந்த திரவத்தில் இது அதிகம் கரைந்து நிற்காது. சிவக்கவும் சிவக்காது, ஆகவே கேரமல் ஆசையையும் விட்டுவிடுங்கள்.

தோழி விரலைக் குத்தி ரத்தச் சர்க்கரையைப் பார்த்தாள். சாப்பிடுமுன் லிட்டருக்கு 6.8 மில்லிமோல், இரண்டு கத்தோ தின்று இரண்டு மணி நேரம் கழித்து 8.9. ஏறாமல் இல்லை. கிழங்கும் மைதாவும் எங்கே போகும்? 'சான் திசிக்' என்று பெயர் வைத்துவிட்டு ஒரு தட்டு நிறையத் தின்னும் பலகாரம் இல்லை இது. இன்னொரு விஷயம்: ரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததாக 2023-இல் நேச்சர் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அதுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவிவிடவில்லை. ஆனாலும் இதய நோயாளி என்றால் டாக்டரைக் கேட்காமல் நான் செய்து கொடுக்க மாட்டேன். தோழிக்கு அந்தப் பிரச்சினை இல்லை, பண்டிகைக்குப் பண்டிகைதானே.

மீதிப் பொட்டலத்தை டப்பாவில் கொட்டி, மேலே சிவப்பு மையில் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். போன வாரம் கணவர் அதைச் சீனி என்று நினைத்துக் காப்பியில் போட்டுக் குடித்துவிட்டு, இன்று காப்பியில் இனிப்பு குறைவாக இருக்கிறதே என்றார்.